காற்றிலிருந்து விழுந்த புள்ளி

புரோகிராம்களுக்குள் சிதறிக் கிடக்கும் செட்டிங்ஸ் இலக்கங்களைத் துப்புரவாக்கும் வேலை உங்களில் யாருக்குக் கிடைத்தாலும் முகம் சுருங்கிப் போகிறது. ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது இந்த அலுவலகத்துக்கு வந்து தேநீர் குடித்துப் போகிறவள் நான். அந்த முகங்களைக் கவனிக்காமல் இருப்பேனா? பக்கத்து மேசைக்காரருக்குப் புதுத் திரை வடிவமைக்கும் வேலை, எனக்கு மட்டும் பழைய இலக்கங்களைப் பொறுக்கும் வேலையா என்று உங்களுக்குள் ஒரு பொருமல்.

பிள்ளைகளே, என் தொழிலில் நான் வயிறு வலிக்கச் சிரித்ததும், பயந்ததும், தொலைபேசியைப் பிடித்தபடி கதிரைமேல் ஏறி நின்று கத்தியதும் அந்த வேலையில்தான். அதுவும் சம்பளத்துக்குச் செய்த வேலையில் அல்ல, ஒரு விளையாட்டுக்குச் செய்த வேலையில்.

யுத்தம் முடிந்த வருடம். மட்டக்களப்பு நகரத்தில், கடலோடு சேரும் உப்புநீர் ஏரியான களப்பைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். சுனாமிக்குப் பிறகு யார் யாருக்கு வீடு கொடுத்தார்கள், யாருக்கு இன்னும் இல்லை என்று பதிந்து வைக்கும் புரோகிராம்களை எழுதுவதுதான் பகல் வேலை. பக்கத்து மேசையில் ஃபர்ஸானா. காத்தான்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கணிதம் படித்தவள், என் வயதுக்காரி, ஒரு மகளுக்குத் தாய். அவள் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணால் தண்ணீர் ஓடும். அதைப் பார்க்கும் மற்றவர்கள்தான் சத்தமாகச் சிரிப்பார்கள்.

எனக்கு ஒரு தம்பி, லயனல். போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் பறங்கிக் குடும்பத்தில் எல்லாருக்கும் கை கொஞ்சம் வேலை செய்யும், வாய் நிறைய வேலை செய்யும். அவனுக்கு இரண்டும் நிறைய. ரேடியோ திருத்துவான், படம் கீறுவான், கதைத்தே ஆளைக் களைக்க வைப்பான்.

நாங்கள் மூவரும் சேர்ந்து, வேலை முடிந்த நேரங்களில், பிள்ளைகளுக்காக ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தோணி. களப்பில் தோணியைச் செலுத்தி நண்டும் இறாலும் பிடித்து, தன் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காற்று அடிக்கும், தோணி விலகும். நீர்க்காகம் வந்து பிடித்ததைக் களவெடுக்கும். அலுவலகத்து மூலையிலிருந்த கொம்பியூட்டர் ஒன்றுதான் சேர்வர், அதாவது நடுவர். எந்தத் தோணி எங்கே, யாருக்கு எத்தனை நண்டு என்பதை அது சொல்லும். பிள்ளைகள் விளையாடும் மற்றக் கொம்பியூட்டர்கள் எல்லாம் அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

விளையாட்டைக் கடலில் வைப்பதா, களப்பில் வைப்பதா என்று நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை. லயனல் களப்பை வரைந்துகொண்டு வந்தான். நானும் ஃபர்ஸானாவும் ஏன் என்று கேட்கவில்லை. கடலோரத்துக் கல்லடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில், சுனாமிக்குப் பிறகு, கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

கேட்டு நடக்க வேண்டும் என்றேன் அல்லவா? கேட்கவில்லை. அங்கேதான் சிக்கல். தோணியின் வேகத்தை நான் பிள்ளைகளின் பக்கத்துப் புரோகிராமில் எழுதி வைத்திருந்தேன். நண்டின் பெறுமதியை ஃபர்ஸானா சேர்வரில் எழுதியிருந்தாள். காற்றின் பலம் இரண்டு பக்கத்திலும் இருந்தது, இரண்டும் வேறு வேறு இலக்கம். லயனல் ஒருபடி மேலே போய், நீர்க்காகத்தின் பசியைப் படக் கோப்பின் பெயரிலேயே ஒரு இலக்கமாக எழுதி வைத்திருந்தான். ஒரு பிள்ளை "மிஸ், காத்து காணாது" என்று சொன்னால், அந்த ஒரு கொம்பியூட்டரில் மட்டும் போய்க் கூட்டிவிடுவோம். அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த கிழமைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.

அலுவலகத்துக்குள் மட்டும் விளையாடும்வரை இது தெரியவில்லை. பிறகு எங்களுக்கு ஆசை பிடித்தது. களப்புக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்தில் கோபால் சேர் என்று ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, கூரை போட்டு, வட்டைகளில் மறுபடி நெல் விதைக்கத் தொடங்கியிருந்த காலம். யுத்தம் நடந்த வருடங்களில் பட்டிருப்புப் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டி எல்லாராலும் கரை மாறிப் போய்வர முடியாது. அவருடைய வகுப்பில் சில பழைய கொம்பியூட்டர்கள் இருந்தன. லயனல் ஒரு டொங்கிளைக் கொண்டுபோய் அங்கே இணையம் எடுத்துக் காட்டினான். அவ்வளவுதான், எங்களுக்குத் தலை கால் தெரியவில்லை. படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் எழுவான்கரைப் பிள்ளைகளுக்கும், அதாவது களப்புக்கு அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும், ஒரு போட்டி!

அந்த முதல் போட்டி நாசமாய்ப் போனது. லயனல் பழுகாமத்துக்கு சீடியில் கொண்டுபோனது பழைய பிரதி. அங்கே தோணிகள் சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நகர்ந்தன. இங்கே எங்கள் பிள்ளைகளின் தோணிகள் பறந்து பறந்து நண்டை வாரின. தொலைபேசியில் ஒரு சிறுமியின் குரல் கேட்டது. சுகன்யா என்று பெயர், பழுகாமத்தில் அவள்தான் கெட்டிக்காரி.

"மிஸ், உங்கட தோணிக்கு மட்டும் இஞ்சின் பூட்டியிருக்கா?"

நான் பதில் தேடுவதற்குள் கோபால் சேர் தொலைபேசியை வாங்கிவிட்டார். அவர் கோபமாகக் கதைக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"பாலத்துக்கு இஞ்சால ஒரு சட்டம், அங்கால ஒரு சட்டம் எண்டு பாத்துப் பாத்து வளர்ந்த பிள்ளையள் இதுகள். விளையாட்டிலயும் அதக் காட்டுறதெண்டா எங்களுக்கு விளையாட்டு வேணாம்."

"இல்ல சேர், அது வேணுமெண்டு செய்தது இல்ல. பழைய பிரதி..."

"வேணுமெண்டு செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்றது?"

நான் தொலைபேசியை வைத்தேன். ஃபர்ஸானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"இஞ்சப் பாருங்கா எஸ்தர். எல்லா இலக்கத்தையும் புடுங்கி ஒரு இடத்தில போடுவம். சேர்வரில மட்டும். புள்ளையள்ற பக்கத்தில ஒண்டுமே இரிக்கப்படாது. தோணி வரும், சேர்வரிட்டக் கேக்கும், சேர்வர் சொல்லும். அவ்வளவுதான்."

"லைன் அறுந்து சேர்வர் சொல்லாட்டி?" என்றேன். "ஏதாவது ஒரு இலக்கத்த நாங்க முன்கூட்டி வச்சிருக்கத்தானே வேணும்?"

"சொல்லாட்டி விளையாட்டுத் தொடங்கப்படாது. 'செட்டிங்ஸ் வரல்ல' எண்டு பெரிசா எழுத்து வரட்டும். பொய்யாத் தொடங்கிறதவிடத் தொடங்காம நிக்கிறது நல்லம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏதோ ஒன்று கிடைக்கவில்லையென்றால் கைவசம் இருக்கும் இலக்கத்தைப் போட்டுச் சமாளிப்பது நமக்கெல்லாம் வரும் பழக்கம். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும். பழுகாமத்துத் தோணிகளும் அப்படித்தான் ஓடின, எந்த எச்சரிக்கையும் காட்டாமல். அன்றைக்கு அவள் சொன்னதற்குப் பிறகு, நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் அந்தச் சமாளிப்பை வைக்கவில்லை.

கோபால் சேரிடம் கெஞ்சி இன்னொரு சனிக்கிழமை வாங்கினேன். "கடைசித் தரம்" என்றார்.

அந்த நாட்களில் நாங்கள் செய்த கூத்தை என்ன சொல்ல! ஒளிந்திருக்கும் இலக்கங்களைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான். ஒன்றைப் பிடித்தால் ஃபர்ஸானா "ஆப்பிட்டுது!" என்று மேசையில் தட்டுவாள். ஓரிடத்தில் தன்னந்தனியாக ஒரு ஏழு இருந்தது. பக்கத்தில் குறிப்பு: "தொடாதே - லயனல்." அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் எப்ப அக்கா எழுதினன்?"

"உன்ர பேர் போட்டிருக்கு."

"அப்ப நான்தான். ஆனா ஏனெண்டு தெரியாது. தொடாதீங்க."

தொட்டோம். எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தோம். களப்பிலிருந்த அத்தனை நீர்க்காகங்களும் பறந்து வந்து ஒரே கண்டல் மரத்தில், ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறி, திரைக்கு வெளியே போகும் உயரத்துக்குக் கோபுரமாய் நின்றன. ஃபர்ஸானாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. மேலதிகாரி உள்ளே வந்து, சுனாமி வீடுகளின் பட்டியலைப் பார்த்தா இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று திகைத்து நின்றார். அந்த ஏழு, ஒரு பறவை இருக்கும் மரத்திலிருந்து அடுத்த பறவை தள்ளி இருக்க வேண்டிய தூரம். அதற்கு ஒழுங்கான பெயரைக் கொடுத்து, மற்ற இலக்கங்களோடு சேர்வரில் குடியேற்றினோம்.

சனிக்கிழமை வந்தது. லயனல் காலையிலேயே பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பழுகாமத்துக்குப் போய்விட்டான். இங்கே எங்கள் அலுவலகத்தில் நகரத்துப் பிள்ளைகளும் காத்தான்குடிப் பிள்ளைகளும். ஃபர்ஸானாவின் மகள் ஹஸ்னாவும் வந்திருந்தாள். நீலத் தோணி அவளுடையது. மற்றவர்கள் தொட்டால் கடிப்பாள்.

தொடங்குவதற்குக் கொஞ்சம் முன் பிள்ளைகள் காற்று காணாது என்று கத்தினார்கள். முன்பென்றால் ஒவ்வொரு கொம்பியூட்டராகப் போயிருப்போம். இப்போது ஒரே ஒரு இடம். ஃபர்ஸானா ஒரு ராணியைப் போலச் சேர்வர் முன்னால் உட்கார்ந்து, காற்று என்ற இடத்தில் 2.5 என்று தட்டினாள். அப்படித்தான் அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். அந்தக் கீபோர்டில் புள்ளி விழும் பொத்தான் உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது. நன்றாக அழுத்தினால்தான் விழும்.

பழுகாமத்திலிருந்து தோணிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சேர்வரிடம் கேட்டது, சேர்வர் சொன்னது. ஒன்றுகூடப் பொய்யாகத் தொடங்கவில்லை. தொலைபேசியை லவுட்ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பக்கமும் கேட்க நான் விசில் ஊதினேன்.

தோணிகள் போன போக்கைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. இருபத்தைந்து பலத்தில் காற்று. எல்லாத் தோணிகளும் ஒரே வீச்சில் கிளம்பி, கண்டல் மரங்களின் மேலால் தாவி, திரையின் மேற்கு ஓரத்தால் வெளியே போய், கிழக்கு ஓரத்தால் திரும்பி வந்து, வந்த வேகத்திலேயே மறுபடி போயின. நண்டுகள் பார்த்துக்கொண்டு நின்றன. நீர்க்காகம் ஒன்று பின்பக்கமாகப் பறந்தது. அறை முழுக்கக் கூச்சல். ஒரு பையன் கதிரையோடு விழுந்தான்.

"புள்ளி!" என்று ஃபர்ஸானா கத்தினாள். "புள்ளி விழல்லகா!" அவள் கை கீபோர்டுக்குப் போனது.

அந்தக் கையை நான் எட்டிப் பிடித்தேன். அவள் அதைத் திருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? தோணிகள் உள்ளே வரும்போது மட்டும்தான் சேர்வரிடம் கேட்கும், அப்படித்தான் எழுதியிருந்தோம். ஏற்கெனவே வந்தவர்களுக்குப் புயல் அப்படியே இருக்கும். பழுகாமத்தில் லைன் அறுந்து யாராவது திரும்ப வந்தால், அவர்களுக்கு மட்டும் இளங்காற்று. மறுபடியும் ஆளுக்கொரு சட்டம்.

"நிப்பாட்டினா எல்லாத்தையும் நிப்பாட்ட வேணும்" என்றேன். "அரைவாசி திருத்தேலாது."

"நிப்பாட்டினா டொங்கிள் லைன் மறுகா வருமா?"

அது யாருக்கும் தெரியாது. அப்போது தொலைபேசியிலிருந்து ஒரு பெரிய இரைச்சல் வந்தது. பிள்ளைகளின் ஓலம். அந்தக் கரைப் பிள்ளைகளை இரண்டாம் தரமும் ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சத்தத்தில் ஒன்றும் விளங்காமல் தொலைபேசியோடு கதிரைமேல் ஏறினேன்.

"லயனல்! அங்க என்ன? அழுறாங்களா?"

"என்னக்கா?"

"பிள்ளையள் அழுறாங்களா எண்டு கேக்கன்!"

"சிரிக்காங்க அக்கா! உருண்டு கிடந்து சிரிக்காங்க!"

"சேரிட்டக் குடு!"

கோபால் சேர் வந்தார். நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "சேர், காத்துப் பிழைச்சுப் போச்சு. நாங்க அடிச்சது இரண்டரை, விழுந்தது இருபத்தஞ்சு. நிப்பாட்டவா?"

அவர் கேட்டார்: "உங்கட பக்கமும் இப்பிடித்தானா?"

"ஓம் சேர். எல்லாருக்கும் ஒரே காத்து."

"மெய்யா?"

"மெய்தான் சேர். இந்தத் தரம் காத்து ஒரு இடத்திலதான் இருக்கு."

"அப்ப அது பிழையில்ல மிஸ், அது காத்து. விடுங்க, அடிக்கட்டும்!"

பிறகு நடந்ததுதான் போட்டி. முதலில் யாராலும் ஒரு நண்டைக்கூடத் தொட முடியவில்லை. பிறகு பழுகாமத்துச் சிவப்புத் தோணி ஒன்று, பறந்து வந்த வேகத்தில், நடுக்களப்பில் ஆணி அடித்தது போல நின்றது. சுகன்யா! நங்கூரம் போடுவதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தோம். காற்று மெதுவாக இருந்த காலத்தில் அதை யாரும் சீண்டியதேயில்லை. அவள் நின்ற இடத்தில் நின்று நண்டை அள்ளிக்கொண்டு, நங்கூரத்தை எடுத்து, காற்றிலே பறந்துபோய்த் துறையில் விழுந்தாள். ஹஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அடுத்த சுற்றில் நீலத் தோணியும் நின்றது.

பிறகு இரண்டும்தான். ஒன்று நின்றால் மற்றது பறக்கும். மற்றவர்கள் தங்கள் தோணிகளை விட்டுவிட்டு இவர்களுக்குப் பின்னால் வந்து நின்று கத்தினார்கள். ஃபர்ஸானா தன் மகளுக்காகக் கத்துகிறாளா, காற்றுக்காகக் கத்துகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கத்தலுக்கு நடுவே அவள் சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கடைசியில் ஹஸ்னா அள்ளிக்கொண்டு வந்த நண்டை, துறைக்குச் சற்று முன்னால், பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்த அந்த நீர்க்காகம் தற்செயலாகக் கவ்விக்கொண்டு போனது. பழுகாமம் வென்றது. தொலைபேசியிலிருந்து வந்த சத்தத்தில் லவுட்ஸ்பீக்கர் கீச்சிட்டது.

இதில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் பிழை வராது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். வரும், பெரிதாகவே வரும், எல்லாரையும் ஒன்றாகத் தூக்கிப் போடும். அடுத்த திங்கட்கிழமையே நானும் ஃபர்ஸானாவும், காற்று எல்லை மீறினால் சேர்வர் நின்று "இது மெய்யா?" என்று கேட்கும்படி எழுதினோம். புள்ளிப் பொத்தானையும் கழற்றிக் கழுவினோம். ஆனால் ஒருவருக்கு மட்டும் நடக்கும் பிழைதான் மனிதரைப் பிரிக்கிறது. எல்லாருக்கும் நடப்பதை எல்லாரும் சேர்ந்து சமாளிக்கலாம், சிரிக்கவும் செய்யலாம். நெருக்கடியில் கையை எடுத்துக் கீபோர்டில் வைப்பதற்கு முன், இந்தத் திருத்தம் எல்லாரையும் போய்ச் சேருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்தும் பழுகாமத்துத் தொலைபேசி அழைப்பு துண்டிக்கப்படவில்லை. சுகன்யாவின் குரல் கேட்டது.

"மிஸ், அந்த நீலத் தோணி ஆர்?"

ஹஸ்னா என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்தாள். "நான்தான். ஹஸ்னா. நீங்க நங்கூரம் போடுறத எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"கை தவறிப் பட்டது" என்றது அந்தக் குரல். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் ஃபர்ஸானாவும் கதிரைகளை அடுக்கினோம். விழுந்த பையனின் செருப்பைத் தேடிக் கொடுத்தோம், கொம்பியூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். தொலைபேசியைத் திருப்பிக் கேட்கும் துணிவு எங்களில் யாருக்கும் வரவில்லை. ஹஸ்னா ஜன்னலோரமாகப் போய், களப்புப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கதைத்தாள்.

"உங்கட ஊருக்கு நான் வரலாமா?"

"வாங்களன்."

"பாலத்தால விடுவாங்களா?"

லவுட்ஸ்பீக்கரில் சுகன்யா யாரிடமோ விசாரிப்பது கேட்டது.

"இப்ப விடுறாங்களாம். சேர் சொல்றார். எல்லாரையும்."